கல்லுப்பட்டியில் எந்தத் தெரு?

2023 செப்டம்பர் 30, சனிக்கிழமை. அக்டோபர் 2 திங்கட்கிழமை வந்ததால் மூன்று நாள் தொடர் விடுமுறை. விடியற்காலை 5 மணிக்கு டி. கல்லுப்பட்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே மூன்று பைக்குகளோடு ஆறு பேர் நின்றுகொண்டிருந்தோம். எல்லோரும் சுற்றுவட்டாரக் காலனிகளில் பிறந்தவர்கள். இருவர் சமூகப் பணியில் இருக்கிறோம். ஒரு அக்கா மதுரையில் நர்ஸ். ஒரு அண்ணன் பைக் மெக்கானிக். ஒரு தங்கை ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறாள். கடைக்குட்டித் தம்பி சட்டக் கல்லூரி மாணவன். தமிழ்நாட்டின் பாலைவனம் என்று சொல்லப்படும் தேரிக்காட்டில் இரண்டு இரவு டென்ட் போட்டுத் தங்குவது, முடிந்த மட்டும் மணலில் வண்டி ஓட்டிப் பார்ப்பது, திங்கட்கிழமை கிராம சபைக்குள் ஊர் திரும்புவது. இவ்வளவுதான் திட்டம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் எங்களில் ஒருவரின் அம்மா கேட்டார்: "கரும்பு வெட்டப் போன எடத்துல ஆறு மாசம் சாக்குக் கொட்டாய்ல கெடந்தோமே, பத்தாதா? இதுல காசு குடுத்து வேற போகணுமா?"

சிரித்துவிட்டோம். வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. நம் பெற்றோர் வெட்டவெளியில் படுத்தது கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும். இல்லையென்றால் பயந்து ஒளிவதற்கு. பூமணியின் 'வெக்கை' நாவல் 1982ல் வந்தது. அதில் ஒரு பையனும் அவன் அப்பாவும் எட்டு நாள் காட்டிலும் மேட்டிலும் தங்குகிறார்கள், கொலை ஒன்று நடந்துவிட்டதால். சும்மா படுத்து நிலா பார்ப்பதற்காக ஒருவர் காட்டுக்குப் போகலாம் என்பது நம் வீடுகளுக்குப் புதிய செய்தி.

மூன்று பைக்கில் கூட்டமாகப் போவதும் அவ்வளவு சாதாரணமில்லை. இம்மானுவேல் சேகரன் நினைவு நாளான செப்டம்பர் 11 முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஆண்டுதோறும் அந்த நாளை ஒட்டித் தடை உத்தரவு வரும். எந்த வண்டியில் போகலாம், எந்த வழியில் போகலாம் என்று போலீஸ் வகுத்துக் கொடுக்கும். எங்கள் ஊர்ப் பையன்கள் வரிசையாக வண்டியில் போனாலே அது ஊர்வலம் என்று கண்கள் பார்க்கப் பழகியிருக்கின்றன. அதனால் விருதுநகர் தாண்டும்வரை மூன்று வண்டிகளும் இடைவெளி விட்டே போனோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கை தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது.

திருநெல்வேலியில் புறவழிச் சாலையைப் பிடிக்காமல் ஊருக்குள் நுழைந்து கொக்கிரகுளம் போனோம். 1999 ஜூலை 23. மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகவும், சிறையில் இருந்த தொழிலாளர்களின் விடுதலைக்காகவும் கலெக்டரிடம் மனு கொடுக்க வந்த ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து விரட்டியது. கைக்குழந்தை ஒன்று உட்பட 17 பேர் தாமிரபரணியில் செத்தார்கள். தம்பி அப்போது பிறக்கவே இல்லை. பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்தவன், "இவ்ளோ தண்ணிதானா?" என்று மட்டும் கேட்டான். பத்து நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பினோம்.

நாசரேத் தாண்டியதும் மண்ணின் நிறம் மாறத் தொடங்கியது. எங்கள் பக்கம் கரிசல். மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். இங்கே குங்குமத்தைக் கொட்டி வைத்த மாதிரி மணல், அலை அலையாக. ஒவ்வொரு மணல் துகளையும் இரும்பு ஆக்சைடு மெல்லிய தோலாகப் போர்த்தியிருப்பதால் இந்தச் சிவப்பு. தென்மேற்குப் பருவக்காற்று மலைக் கணவாய்கள் வழியாக இறங்கி, மாதக்கணக்கில் இந்த மணலை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். நாங்கள் போனபோது காற்று ஓய்ந்திருந்தது.

யூடியூபில் பார்த்த மாதிரி ஜீப்பில் மணல்மேடு ஏறி இறங்குவதெல்லாம் நடக்கவில்லை. உள்பகுதி வனத்துறையின் காப்புக்காடு. அனுமதி இல்லாமல் வண்டி விடவோ இரவு தங்கவோ கூடாது. நீங்கள் போனாலும் இதை மீறாதீர்கள். ஓரத்தில் இருக்கும் வண்டித்தடங்களே எங்களுக்குப் போதுமானதாக இருந்தன. மெக்கானிக் அண்ணன் டயர்களில் காற்றைப் பாதியாகக் குறைத்தார். "ரெண்டாவது கியர்லயே போ. நிப்பாட்டாத. முன் பிரேக்கைத் தொட்டா மூஞ்சி மண்ணுலதான்" என்றார். அடுத்த நூறு அடியில் அவரே விழுந்தார். ஒரு கிலோமீட்டரைக் கடக்க முக்கால் மணி நேரம். சைலன்சர் வரை புதைந்த வண்டியை நான்கு பேர் தூக்கியதும், விழுந்தவரைப் பார்த்து மற்றவர்கள் சிரித்ததும்தான் நாங்கள் செய்த 'ஆஃப்ரோடு'. பல வருடத்தில் அப்படிச் சிரித்ததில்லை. தீர்மானம், மனு, எஃப்.ஐ.ஆர்., சாவு வீடு என்று ஓடுகிறவர்களுக்கு இது எவ்வளவு தேவை என்பது மணலில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

சாயங்காலம் 5 மணி. தங்க இடம் தேட வேண்டும். அருகே ஒரு டீக்கடை. எழுபது வயது தாண்டிய ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார்.

"எந்த ஊருப்பா?"

"மதுரைப் பக்கம் அய்யா. டி. கல்லுப்பட்டி."

"காந்தி ஆசிரமம் இருக்க கல்லுப்பட்டியா? அங்கன எந்தத் தெரு?"

இந்தக் கேள்வி உங்களுக்குத் தெரியும். ஊர்ப் பெயரில் சாதி தெரியாது, தெருப் பெயரில் தெரிந்துவிடும். ஒரு நொடி அமைதி. பிறகு தம்பி சொன்னான்: "மெயின் பஜார் அய்யா. அப்பா மளிகைக் கடை வச்சிருக்காங்க."

பெரியவர் முகம் மலர்ந்தது. "நம்ம பயலுவதானா! இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான. எங்க போயி தங்கப் போறிய? நம்ம வெளைல கெணறு இருக்கு, கொட்டாய் இருக்கு. பொம்பளப் புள்ளைய வேற இருக்கு. அங்கன இருந்துக்கிடுங்க."

'விளை' என்றால் அந்தப் பக்கம் பனந்தோப்பு. தேரியின் விளிம்பில் சுமார் நூறு பனை. பனங்கொட்டைகளைக் குழி எடுத்துப் புதைத்துக் கிழங்குக்குப் பாத்தி கட்டியிருந்தார்கள். பொங்கலுக்குக் கிழங்கு எடுக்கலாம். கிணற்றில் உருளை, கயிறு, ஒரு தகர வாளி. பெரியவரே ஒரு வாளி இறைத்துக் கொடுத்துவிட்டு, போன் நம்பரும் தந்துவிட்டுப் போனார். நாங்கள் ஐந்து பேரும் தம்பி சொன்னதை மறுக்கவில்லை. பொய் சொன்னது ஒருவன், அதில் டென்ட் அடித்தது ஆறு பேர்.

முந்தின நாள்தான் பௌர்ணமி. ஏழு மணிவாக்கில் நிலா எழும்பி, சிவப்பு மணல் சாம்பல் நிறமானது. அடுப்பு மூட்டிக் கருவாட்டுக் குழம்பு வைத்தோம். சாப்பிட்டு முடியும்வரை யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அண்ணன்தான் ஆரம்பித்தார்.

"சட்டம் படிக்கிறவன் நீ. நீயே தெருவை மறைச்சா நாங்க என்ன செய்ய?"

"இருட்டப் போகுது. அக்காவும் தங்கச்சியும் இருக்காங்க. உண்மையச் சொல்லிட்டு எங்கண்ணே போய்ப் படுக்குறது?"

நர்ஸ் அக்கா, மதுரையில் வாடகை வீட்டுக்காக எத்தனை முறை தெருவை மாற்றிச் சொன்னார் என்று கணக்குச் சொன்னார். "மொத தடவதான் வலிக்கும். அப்புறம் அட்ரஸ் ப்ரூஃப் மாதிரி ஆயிரும்" என்றார். அண்ணன் அதற்குமேல் பேசவில்லை.

அப்போது 1934ல் நடந்த ஒரு சுற்றுலா நினைவுக்கு வந்தது. 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற நினைவுக் குறிப்பில் பாபாசாகேப் அம்பேத்கர் அதை எழுதியிருக்கிறார். இயக்கத் தோழர்கள் சிலர் அவரோடு ஊர் சுற்றிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். சுமார் முப்பது பேர் பஸ்ஸில் எல்லோராக் குகைகளைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். தாங்கள் யார் என்பதை வழியில் வெளிக்காட்டாமல் போவதென்று முன்கூட்டியே முடிவு செய்கிறார்கள். சொன்னால் தங்க இடமும் சாப்பாடும் கிடைப்பது கஷ்டம். தௌலதாபாத் கோட்டை வாசலில் ஒரு குளம். புழுதி படிந்த முகத்தைக் கழுவுகிறார்கள். எப்படியோ தெரிந்துவிடுகிறது. குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கூச்சல் எழுகிறது. கடைசியில் கோட்டையைப் பார்க்க விடுகிறார்கள். எங்கேயும் தண்ணீரைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் தாங்கிய ஒரு சிப்பாயும் கூடவே வருகிறான்.

கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்து முடித்து, வட்டமேசை மாநாட்டுக்கும் போய்வந்த மனிதர் அப்போது அவர். அவரும் நண்பர்களோடு ஊர் சுற்றக் கிளம்பியபோது தெருவை மறைக்க வேண்டியிருந்தது. இதைச் சொன்னதும் தம்பியின் தோள் கொஞ்சம் இறங்கியது. மறைத்ததற்காக அவனைக் குற்றவாளியாக்க அங்கே யாருக்கும் மனம் வரவில்லை. ஆனால் தூக்கமும் வரவில்லை.

தம்பி சட்டத்தைக் கொண்டுவந்தான். அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு கடை, ஓட்டல், பொதுக் கிணறு, குளம், சாலையில் சாதியைக் காட்டித் தடுக்கக் கூடாது என்கிறது. தடுத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. "ஆனா இது அவரு சொந்த வெளை. இங்க சட்டம் வராது. அவரு மனசுதான்." அவன் சொன்னது அந்த இரவின் முக்கியமான விஷயம். பொதுக் கிணறு என்றால் நாம் உரிமையோடு இறைக்கலாம், தெருவைச் சொல்லிவிட்டே இறைக்கலாம். தனியார் கிணறு என்றால் விருந்தாளியாக இருக்க வேண்டும். விருந்தாளி ஆவதற்கு முன் 'எந்தத் தெரு' வந்துவிடுகிறது. பணம் கொடுத்துத் தங்க வசதியில்லாத ஆறு பேர் பயமின்றி ஒரு இரவு படுக்க நாடு முழுக்க எத்தனை பொது இடம் இருக்கிறது? நம் இயக்கங்கள் நிலம் கேட்கின்றன, சுடுகாட்டுப் பாதை கேட்கின்றன. இளைப்பாறப் பொது இடம் கேட்டதாக எங்களுக்கு நினைவில்லை. கேட்கவேண்டிய ஒன்றாக நமக்கே அது தோன்றவில்லை.

அன்றைய தேதியையும் அவன்தான் ஞாபகப்படுத்தினான். செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, பஞ்சமி நிலம் வழங்க சென்னை மாகாண அரசு ஆணை போட்டது 1892 செப்டம்பர் 30. சரியாக 131 வருடம். "நம்ம நிலம் நம்ம கையில இருந்திருந்தா இன்னைக்கு நம்ம தோப்புல இவங்களுக்கு எடம் குடுத்திருப்போம்" என்றாள் தங்கை.

நர்ஸ் அக்கா வேறொன்று சொன்னார். "இவரு தாத்தாவையும் ஒருகாலத்துல தள்ளி நில்லுன்னுதான சொன்னாங்க." உண்மைதான். திருவிதாங்கூரில் தோள்சீலைக்காகப் போராடி 1859ல்தான் உரிமை பெற்றார்கள். 1897ல் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தது வழக்காகி, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908ல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. தள்ளி நிற்கச் சொல்லப்பட்ட வரலாறு இரண்டு பக்கமும் இருக்கிறது. அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத்தான் வழி இல்லாமல் இருக்கிறது. நள்ளிரவுக்கு மேல் முடிவெடுத்தோம்: காலையில் சொல்லிவிடுவது.

ஞாயிறு காலை ஆறரைக்குப் பெரியவர் வந்தார். தூக்குவாளியில் கருப்பட்டிக் காப்பி, ஆறு எவர்சில்வர் டம்ளர். அவரே ஊற்றிக் கையில் கொடுத்தார். குடிப்பதற்கு முன்பே சொல்லிவிட நினைத்தோம். முடியவில்லை. குடித்தோம். பிறகு தம்பி எழுந்து நின்றான்.

"அய்யா, நேத்து நான் பொய் சொல்லிட்டேன். எங்க அப்பாவுக்குக் கடை இல்ல. கூலி வேலை. நாங்க எல்லாரும் காலனி ஆளுங்க."

பெரியவர் அவனைப் பார்த்தார். பிறகு கிணற்றைப் பார்த்தார், அல்லது கிணறு இருந்த திசையை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "முன்னயே சொல்லிருக்கலாம்லா."

அவ்வளவுதான். டம்ளர்களை நீட்டினோம். "அங்கனயே வச்சிருங்க" என்றார். தூக்குவாளியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். டம்ளர்களைக் கழுவிக் கொட்டாயின் திண்டில் கவிழ்த்து வைத்தோம்.

அந்தப் பகல் முழுக்கத் தேரியில் நடந்தோம். காப்புக்காட்டின் ஓரமாக முந்திரி, உடைமரம், பனை. மணல்மேட்டில் ஏறினால் நாம் வந்த காலடித் தடத்தை மணல் சரிந்து மூடுகிறது. அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலின் சுனையருகே உட்கார்ந்தோம். நாலாபுறமும் வறண்ட மணல், நடுவில் தண்ணீர். பங்குனி உத்திரத்துக்குக் குடும்பம் குடும்பமாக வந்து மரத்தடியில் தங்கிப் போகிற இடம். நாம் இன்று கேம்பிங் என்பதை நம் சனங்கள் குலதெய்வக் கோயில்களில் எப்போதோ செய்துகொண்டிருக்கிறார்கள்.

இந்தத் தேரிகளில் சின்னச் சின்னக் கல்லாயுதங்கள் கிடைத்திருக்கின்றன. ஸொய்னரும் ஆல்ச்சினும் 1956ல் இது பற்றித் தொல்லியல் துறையின் இதழில் விரிவாக எழுதினார்கள். படிகக் கல்லைச் செதுக்கி அம்புமுனையும் கத்தியும் செய்த வேட்டை மனிதர்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே தங்கியிருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் எந்தத் தெரு என்று கேட்டிருக்க மாட்டார்கள், தெருவே இல்லை. இதே மண்ணை 2007ல் டைட்டானியம் ஆலைக்காக எடுக்கப் பார்த்தபோது சாத்தான்குளம் பகுதி மக்கள் எதிர்த்து நின்றார்கள், திட்டம் நின்றுபோனது. வெறும் மணல் என்று வெளியே இருப்பவர்கள் சொல்லும் இடத்தில் பனையும் கிணறும் பிழைப்பும் இருக்கின்றன.

இவ்வளவையும் பேசிக்கொண்டே நடந்தாலும், உள்ளுக்குள் ஆறு பேருக்கும் ஒரே நினைப்பு. திரும்பிப் போகும்போது கிணற்றில் வாளி இருக்குமா?

ஐந்து மணிக்குத் திரும்பினோம். டென்ட், பைகள் அப்படியே இருந்தன. தங்கைதான் முதலில் கிணற்றடிக்கு ஓடினாள். வாளி இருந்தது. கயிறு இருந்தது. திண்டில் கவிழ்த்து வைத்த ஆறு டம்ளர்களும் இல்லை. எடுத்துப் போயிருக்கிறார்.

வீட்டுப் பாத்திரத்தோடு சேர்த்தாரா, தனியாக வைத்தாரா? அது எங்களுக்குத் தெரியப்போவதில்லை. அன்று மாலை அவர் வரவில்லை. வயல் வேலை இருந்திருக்கலாம், வர மனமில்லாமலும் இருந்திருக்கலாம். 'முன்னயே சொல்லிருக்கலாம்லா' என்றதற்கும் இரண்டு அர்த்தம் உண்டு. சொல்லியிருந்தால் இடம் தந்திருக்க மாட்டேன் என்பது ஒன்று. சொல்லியிருந்தாலும் தந்திருப்பேனே, ஏன் பொய் என்பது இன்னொன்று. எங்களில் மூன்று பேர் முதலாவது என்கிறார்கள், மூன்று பேர் இரண்டாவது என்கிறார்கள். ஆனால் இரண்டாம் இரவு ஆறு பேரும் தூங்கினோம். அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினோம்.

திங்கள் விடியுமுன் நாலரைக்குக் கிளம்பும்போது தம்பி போன் செய்தான். பெரியவர் விழித்துத்தான் இருந்தார். "கெளம்பிட்டியளா? ரோட்டுல லாரி நெறைய வரும். பாத்துப் போங்க" என்றார்.

பதினொரு மணிக்குக் கல்லுப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் கிராம சபை. காந்தி பிறந்த நாள். எங்கள் மூன்று வருடக் கோரிக்கையான சுடுகாட்டுப் பாதையைப் பற்றிப் பேச அந்த ஊர்க்காரரான மெக்கானிக் அண்ணன் எழுந்தார். சட்டைக் காலரில் இன்னும் சிவப்பு மண். "யாரு பேசுறது, எந்தத் தெரு?" என்று மேசைப் பக்கமிருந்து கேள்வி வந்தது.

"காலனித் தெரு" என்றார், மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கும்படி. தீர்மானப் புத்தகத்தில் கோரிக்கை ஏறியது. பாதை வந்ததும் எழுதுகிறோம்.

தோழர்களே, இந்த விடுமுறைக்கு எங்கேயாவது போங்கள். வீட்டில் கேட்பார்கள், இயக்கத்திலும் சிலர் முகம் சுளிப்பார்கள். இருந்தாலும் போங்கள். ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர், டயருக்குக் காற்றடிக்கும் பம்ப், நம்பிக்கையான ஒருவரின் போன் நம்பர், இவை இல்லாமல் தேரிக்குப் போகாதீர்கள். வழியில் எந்தத் தெரு என்று கேட்பார்கள். சொல்வதா வேண்டாமா என்பதை அந்த இடமும் நேரமும், கூட இருப்பவர்களின் பாதுகாப்பும் முடிவு செய்யும். மறைக்க நேர்ந்தால் அதற்காகக் குறுகிப் போகாதீர்கள். சொல்ல முடிகிற காலை ஒன்று வந்தால் அதைத் தவறவிடவும் வேண்டாம்.

தை மாதம் கிழங்கு எடுக்கும் நேரத்தில் அந்த விளைக்கு மறுபடி போவதாக இருக்கிறோம். இந்த முறை போன் செய்து, யார் என்று சொல்லிவிட்டு.

ஜெய் பீம்.